காத்திருப்புச் சீட்டும் கைகாவல் சீட்டும்

"அவனுக்கென்ன, விமான நிலையத்தில் வேலை. நினைத்தவுடன் ஏறிப் பறக்கலாம்." எம்மவர் கூடும் கலியாண வீடுகளிலும் கோவில் வீதிகளிலும் இவ்வாறான பேச்சு நெடுங்காலமாகவே நிலவி வருகின்றது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஐரோப்பாவின் பிற நகரங்களிலும் பொதி ஏற்றுவோராகவும், உணவு தயாரிப்போராகவும், பதிவு மேசையில் நிற்போராகவும் எமது உறவுகள் பலர் பணியாற்றுகின்றனர். அவர்களுள் விமான நிறுவனங்களின் நேரடி ஊழியர்களுக்கு மட்டுமே பயணச் சலுகை பெரும்பாலும் உண்டு. ஒப்பந்த நிறுவனங்களின் கீழ் இரவிரவாகத் தளத்தைத் துடைப்பவருக்கு அது இல்லை. அந்த வேறுபாட்டை உறவினர்கள் அறிவதில்லை. சலுகை உள்ளவருக்கும் அது எத்தகைய சலுகை என்பதையும் அறிவதில்லை.

எமக்கு நன்கு அறிமுகமான ஒருவர் ரொறன்ரோவில் விமான நிறுவனமொன்றின் பொதிப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகின்றார். ஒரு மார்கழி மாதத்தின் புதன்கிழமை மாலை, யாழ்ப்பாணத்தில் தந்தையார் காலமான செய்தி அவருக்குக் கிடைத்தது. மூத்த மகன் வந்து கொள்ளி வைக்கவேண்டும் என்பதற்காக இறுதிக்கிரியையை ஞாயிறு நண்பகலுக்குத் தள்ளி வைத்தனர். ஐரோப்பிய நகரொன்றுவரை தமது நிறுவனத்தின் விமானம், அங்கிருந்து கொழும்புக்கு வேறு நிறுவனத்தின் விமானம் என இரண்டு ஊழியர் சீட்டுகளை அவர் எடுத்துக்கொண்டார். வியாழன் மாலை விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. வெள்ளியன்று கிடைத்தது. சனியும் ஞாயிறும் ஐரோப்பிய விமான நிலையத்திலேயே கழிந்தன. பண்டிகைக் காலமாதலால் ஒவ்வொரு விமானமும் நிரம்பியே புறப்பட்டது. ஞாயிறு நண்பகல் தம்பியார் கொள்ளி வைத்தார். அண்ணர் ஊர் போய்ச் சேர்ந்தபோது காடாற்றும் முடிந்து, சாம்பல் கீரிமலைக் கடலில் கரைக்கப்பட்டிருந்தது.

இந்தத் துயரத்திற்கு எந்த நிறுவனத்தையும் நாம் குறைகூற வரவில்லை. அச்சீட்டு எதை வாக்களித்ததோ அதையே செய்தது. அது எதையும் வாக்களிக்கவில்லை என்பதுதான் உண்மை. வியாழனன்றே உறுதிசெய்யப்பட்ட சாதாரணச் சீட்டொன்றும் அவர் கையில் இருந்திருப்பின் வெள்ளியிரவு கொழும்பில் இறங்கியிருப்பார். வாங்க எண்ணியதாகவும், "சும்மா போகக்கூடிய வழி இருக்க ஏன் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறாய்" என்று வீட்டில் கேட்டதால் கைவிட்டதாகவும் அவர் எம்மிடம் கூறினார்.

காத்திருப்புச் சீட்டு எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கின்றது. ஏனெனில், 'ஸ்ரான்ட்பை' என்ற சொல்லை வாயால் உச்சரிக்கும் பலர் அதன் பொருளை மனத்தால் ஏற்பதில்லை. ஊழியர் சீட்டுகளில் இருவகை உண்டு. ஆர்-1 எனப்படுவதில் முன்கூட்டியே இடம் பதிவுசெய்யலாம். இது அரிதானது, விலையும் கூடியது. ஆர்-2 எனப்படுவது இடமிருந்தால் மட்டுமே ஏற்றப்படும் சீட்டு. தொண்ணூறு வீதக் கழிவு என்று எம்மவர் பெருமையோடு சொல்லும் ஐ.டி. 90 சீட்டுகளும், நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி தூரத்தைக் கொண்டு விலை குறிக்கப்படும் 'செட்' சீட்டுகளும் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவையே.

இச்சீட்டை உடையவர் பதிவு மேசைக்குச் சென்றால் ஆசன இலக்கம் கிடைக்காது. பெயர் ஒரு பட்டியலில் ஏறும், அவ்வளவே. பணம் செலுத்திய பயணிகள் அனைவருக்கும் இடம் கொடுத்து, வராதோரின் தொகையைக் கணக்கிட்டு, இணைப்பு விமானத்தில் பிந்தி வருவோருக்கும் இடம் ஒதுக்கிய பின்னரே அப்பட்டியலை எடுப்பர். அதிலும் வரிசை உண்டு. அந்த விமானத்தின் சொந்த நிறுவன ஊழியர் முதலில், பிற நிறுவன ஊழியர் கடைசியில். சொந்த ஊழியருக்குள்ளும் சில நிறுவனங்கள் சேவைக்காலத்தைப் பார்க்கின்றன, சில முதலில் பதிந்தவரைப் பார்க்கின்றன. எனவே, முதல்நாள் மாலை இருபது ஆசனங்கள் காலியாக இருப்பதாகக் கணினி காட்டியதை நம்பி வந்தவர், அந்த இருபதுக்குத் தமக்கு முன்னால் முப்பது பேர் நிற்பதை வாயிலில்தான் அறிகின்றார்.

ஆசனம் காலியாக இருந்தும் ஏற்றாமல் விடுவதுண்டு. கடும் வெப்பத்தின்போதோ, எதிர்காற்று மிகுந்து எரிபொருள் கூடுதலாக ஏற்றப்படும்போதோ விமானத்தின் பாரம் மட்டுப்படுத்தப்படும். அப்போது முதலில் தரையில் விடப்படுவோர் காத்திருப்புப் பட்டியலில் உள்ளோரே. பனிப்புயலினால் ஒரு விமானம் இரத்தானால் அதன் பயணிகள் முந்நூறு பேரும் அடுத்தடுத்த விமானங்களுக்கு மாற்றப்படுவர். அவர்கள் தீரும்வரை, அதாவது இரண்டு மூன்று நாட்களுக்கு, ஊழியர் சீட்டு வெறும் கடதாசியாகவே இருக்கும்.

ஊருக்குச் செல்வோருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ செல்ல வழக்கமாக இரண்டு விமானங்களேனும் ஏறவேண்டும். ஒவ்வொன்றிலும் இடம் கிடைக்கும் வாய்ப்பு பத்துக்கு ஏழு என்று வைத்துக்கொண்டாலும், இரண்டிலும் தடையின்றி இடம் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பத்தொன்பது மட்டுமே. நான்கு பேர் கொண்ட குடும்பமெனில் நிலைமை இன்னும் மோசம். "இரண்டு இடம் உண்டு, யார் ஏறுகிறீர்கள்" என்ற கேள்விக்குப் பதினைந்து வினாடிகளில் விடை சொல்லவேண்டியிருக்கும். தாய் ஒரு பிள்ளையுடனும், தந்தை மறுநாள் மற்றப் பிள்ளையுடனும் வந்திறங்கிய குடும்பங்களை நாம் அறிவோம். அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த இரவில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

வழியில் அகப்பட்டுக்கொண்டால் விடுதியும் உணவும் தருவார்கள்தானே என்று சிலர் எண்ணுகின்றனர். விமானம் தாமதித்தாலோ இரத்தானாலோ இடம் மறுக்கப்பட்டாலோ பயணிகளைக் கவனிக்கவேண்டும் என விதிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் இலக்க ஒழுங்குவிதி, இலவசமாகவோ பொதுமக்களுக்குக் கிடைக்காத சலுகை விலையிலோ பயணிப்போருக்குப் பொருந்தாது என அதன் மூன்றாம் உறுப்புரையிலேயே தெளிவாகக் கூறுகின்றது. ஊழியர் சீட்டில் செல்பவர் அங்கு தமது பணப்பையை மட்டுமே நம்பி நிற்கின்றார்.

வேற்று நாட்டு ஊழியர்களுக்கு இது பணச்செலவும் களைப்பும் மட்டுமே. ஒரு ஜேர்மன் ஊழியர் ரொறன்ரோவில் அகப்பட்டால் விடுதியில் தங்கி மறுநாள் முயல்வார். எம்மவர் கதை அவ்வாறன்று. விமான ஊழியர் தம் பெற்றோருக்கும் இச்சலுகையைப் பெற்றுக்கொடுக்கலாம் என்பதால், கனடிய விசாவுடன் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் எழுபது வயதுத் தாயாரைப் பிராங்பேர்ட் வழியாக இச்சீட்டில் அழைப்போர் உள்ளனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசாச் சட்டக்கோவை, விமான நிலையத்தில் மாறிச் செல்வதற்கே விசா வேண்டும் என்று பன்னிரண்டு நாடுகளைப் பட்டியலிட்டுள்ளது. அதில் இலங்கையும் ஒன்று. செல்லுபடியாகும் கனடிய விசாவுடன் கனடாவுக்குச் செல்பவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு இடைமாறும் மண்டபத்துக்குள் மட்டுமே. அம்மா அங்கு விமானத்தைத் தவறவிட்டால் வெளியே வந்து விடுதியில் உறங்க அவருக்கு அனுமதி இல்லை. இரவு முழுதும் நாற்காலியிலேயே இருக்க நேரிடலாம். நீரிழிவுக்கான ஊசிமருந்து பொதியோடு போயிருந்தால் என்ன செய்வது என்பதை மகன்தான் முன்கூட்டிச் சிந்திக்கவேண்டும்.

அகதிப் பயண ஆவணத்தில் செல்வோரின் நிலை வேறுவிதமானது. 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் வழங்கப்படும் அந்த ஆவணம் கடவுச்சீட்டல்ல. விட்டு வந்த நாட்டுக்கு அதில் செல்லமுடியாத காரணத்தால், பெற்றோரைச் சென்னைக்கோ திருச்சிக்கோ வரவழைத்துக் காண்பதே பலரின் வழக்கம். இந்தியாவின் இணையவழி விசா இவ்வாவணங்களுக்கு வழங்கப்படுவதில்லை. தூதரகத்தில் விண்ணப்பித்து, காத்திருந்து, நாள் குறித்த விசாவைப் பெறவேண்டும். அந்த விசா முடிவடையும் நாள், நாம் காத்திருப்புப் பட்டியலில் நிற்பதைப் பொருட்படுத்துவதில்லை. திரும்பி வரும் வழியிலும் அதே சிக்கல். நீதிமன்றத் தவணை, வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் நாள், வேலைக்குத் திரும்பும் நாள் என எம் ஒவ்வொருவர் வாழ்விலும் தள்ளிப்போட முடியாத ஒரு திகதி இருக்கின்றது.

எமது கருத்து இதுவே. குறித்த நாளில் போய்ச் சேர்ந்தாகவேண்டிய பயணத்திற்குக் காத்திருப்புச் சீட்டு அரைச்சீட்டு மட்டுமே. மற்ற அரைவாசி கைகாவல் சீட்டு. முதலாவதை வாங்கும்போதே இரண்டாவதன் செலவையும் கணக்கில் எடுக்கவேண்டும். அதைச் சுமக்க இயலாவிடில் அந்தப் பயணத்துக்குச் சலுகையை மறந்துவிட்டுச் சாதாரணச் சீட்டில் போவதே மேல். கோடை விடுமுறையில் நயாகரா பார்க்க வரும் மைத்துனருக்கு இது தேவையில்லை. ஒருநாள் பிந்தினால் அருவி வற்றிவிடப் போவதில்லை.

கைகாவல் சீட்டு என்று நாம் குறிப்பிடுவது, பயன்படுத்தாவிடில் பணத்தை மீளப்பெறக்கூடிய உறுதியான சீட்டு. இங்கேதான் எம்மவர் அதிகம் ஏமாறுகின்றனர். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலான சீட்டுகளுக்கு மாற்றக் கட்டணத்தை நீக்கியதிலிருந்து, எந்தச் சீட்டையும் இரத்துச் செய்யலாம், பணம் வந்துவிடும் என்றொரு நம்பிக்கை பரவியுள்ளது. இரத்துச் செய்யலாம் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் வருவது பணமன்று, அதே நிறுவனத்தில் பின்னர் பயன்படுத்தத்தக்க வரவு. மிக மலிவான அடிப்படைச் சீட்டுகளுக்கு அதுவும் வரும் என்று உறுதியில்லை. பணமாகவே திருப்பித் தரப்படும் சீட்டின் விலை சாதாரண விலையின் இரு மடங்காகவோ அதற்கு மேலாகவோ இருப்பது வழமை. வாங்குமுன் நிபந்தனையை ஒருமுறைக்கு இருமுறை வாசிக்கவேண்டும். ஆங்கிலமோ பிரெஞ்சோ விளங்காவிடில் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டாவது வாசிப்பிக்கவேண்டும்.

இருபத்துநான்கு மணிநேர விதியைப் பற்றியும் அரைகுறைச் செய்தி உலவுகின்றது. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள அவ்விதியின்படி, விமான நிறுவனத்திடம் நேரடியாகச் செய்த பதிவை இருபத்துநான்கு மணிநேரத்துக்குள் தண்டமின்றி இரத்துச் செய்யலாம், அல்லது பணம் கட்டாமல் அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கலாம். ஆனால் பயணத்துக்கு ஏழு நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது செய்த பதிவுக்கே அது கட்டாயம். மரணச் செய்தி கேட்டு நாளைக்குப் புறப்படுபவருக்கு அவ்விதி கைகொடுக்கும் என்று எண்ணக்கூடாது. பிற நாடுகளில் அவ்வாறான விதி இருப்பதாகக் கருதிக்கொள்வதும் தவறு.

பயண முகவர்கள் சொல்ல மறக்கும் ஒன்றையும் குறிப்பிடவேண்டும். கைகாவல் சீட்டை இருவழிச் சீட்டாக வாங்கி, போகும் பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, வரும் பகுதியில் ஏறிக்கொள்ளலாம் என்று சிலர் திட்டமிடுகின்றனர். முதல் பகுதியில் ஏறாவிடில் மிகுதிப் பகுதிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் தாமாகவே இரத்துச் செய்துவிடும். எனவே ஒருவழிச் சீட்டே ஏற்றது. காத்திருப்புச் சீட்டில் இடம் கிடைத்தவுடன், விமானத்தில் அமர்ந்து இடுப்புப்பட்டியைப் பூட்டுமுன், கைகாவல் சீட்டை இரத்துச் செய்துவிடவேண்டும். அது புறப்படும் நேரம் கடந்துவிட்டால், பணம் மீளும் சீட்டாயினும் தண்டம் விதிப்போர் உண்டு, முழுவதையும் மறுப்போரும் உண்டு. பணம் கடனட்டைக்குத் திரும்ப நாட்களோ வாரங்களோ செல்லலாம் என்பதையும், அதுவரை அட்டையின் எல்லை அடைபட்டிருக்கும் என்பதையும் மறக்கலாகாது. விமான நிறுவனங்களின் புள்ளிகளைச் சேர்த்து வைத்திருப்போருக்கு அப்புள்ளிகளால் பெறும் சீட்டே பல வேளைகளில் மலிவான கைகாவல். இரத்துச் செய்தால் புள்ளிகள் கணக்குக்குத் திரும்பும், கட்டணம் இருந்தாலும் சிறிது.

பாதையையும் பார்க்கவேண்டும். அம்மாவுக்காக அவசரத்தில் வாங்கும் கைகாவல் சீட்டு பிராங்பேர்ட்டிலிருந்து பாரிஸ் வழியாக ரொறன்ரோ என்று அமைந்தால், முதல் விமானம் செங்கன் நாடுகளுக்கு உள்ளேயான பயணம். அதில் ஏறுவதற்கே ஐரோப்பிய விசா வேண்டும். நியூயோர்க் வழியாக அமைந்தால் அமெரிக்க விசா வேண்டும், ஏனெனில் அந்நாட்டில் குடிவரவைக் கடக்காமல் விமானம் மாறும் ஏற்பாடு இல்லை. ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் இரண்டாம் இரவையும் கழிக்க நேரிடலாம்.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையற்றவர்களாவோம். கைகாவல் சீட்டைத் தந்திரமாகப் பயன்படுத்துவோரும் எம்மிடையே இல்லாமலில்லை. தாம் காத்திருக்கப்போகும் அதே விமானத்தில் பணம் மீளும் சீட்டுகள் சிலவற்றைப் பதிவுசெய்து, விமானம் நிறைந்ததுபோல் காட்டி, கடைசி நேரத்தில் அவற்றை விடுவித்து, காலியான இடங்களில் தாமே ஊழியர் சீட்டில் ஏறிக்கொள்வது அந்தத் தந்திரம். இது கைகாவல் அன்று, களவு. அந்த ஆசனத்தைக் காசு கொடுத்து வாங்க வந்த ஒருவர் திருப்பி அனுப்பப்படுகின்றார். அவரும் தாயின் மரணச் சடங்குக்குப் போகிறவராக இருக்கலாம். பல நிறுவனங்கள் இதனைக் கடுமையாகத் தடைசெய்துள்ளன. ஊழியர் காத்திருக்கும் விமானத்தில் அவர் பெயரிலேயே வேறு பதிவு இருப்பதைக்கூட ஏற்காத நிறுவனங்களும் உண்டு. ஆகவே கைகாவல் சீட்டு வேறு நிறுவனத்தின் விமானத்திலோ, பின்னர் புறப்படும் விமானத்திலோ இருப்பதே முறை. அதற்கு முன் தமது நிறுவனத்தின் விதிகளை ஊழியர் கேட்டறிந்துகொள்வது நன்று.

ஏனெனில் இங்கு பிணையாக நிற்பது அவருடைய வேலை. உறவினர் ஒருவர் வாயிலில் நின்று சத்தமிட்டாலும், சலுகைச் சீட்டை எவருக்கேனும் இலாபத்துக்கு விற்றாலும், விளக்கம் கேட்கப்படுபவர் அந்த உறவினர் அல்லர். சலுகை பறிபோகும், சில வேளை வேலையும் போகும். அகதியாக வந்து, மொழி தெரியாமல், உணவகங்களில் கோப்பை கழுவி, பின்னர் இந்த வேலையைத் தேடிக்கொண்டவரிடம், "ஒரு ரிக்கற்தானே" என்று கேட்கும்போது எதைக் கேட்கிறோம் என்பதை உணர்ந்தே கேட்கவேண்டும். அவரிடம் சீட்டுப் பெறுபவரே கைகாவல் சீட்டின் செலவையும் ஏற்கவேண்டும் என்பது எமது துணிபு. வழியில் அகப்பட்டவரை மீட்கும் செலவும் அந்த ஊழியரின் கடனட்டையிலேயே விழுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கின்றோம். அந்தக் கடன் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை, கேட்கவும் முடிவதில்லை.

இத்தொழிலின் உள்ளே இருப்போர் இதனை எவ்வாறு கையாளுகின்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் ஒரு நகரில் வாழ்ந்துகொண்டு இன்னொரு நகரிலிருந்து பணி தொடங்கும் விமானிகள் ஏராளம். அவர்களும் காலி ஆசனத்தை நம்பியே வேலைக்குச் செல்கின்றனர். அவர்களது தொழிற்சங்க ஒப்பந்தங்கள் பலவற்றில், ஒரு விமானம் தவறினால் இன்னொரு விமானத்தில் வந்துசேரக்கூடியவாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தவருக்கே பிந்தியதற்கான மன்னிப்பு உண்டு. விமானத்தை ஓட்டுபவரிடமே இரண்டாவது வழியை எதிர்பார்க்கும் தொழில் இது.

ஆடி, ஆவணி மாதங்களில் பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஒன்றாக வரும். இருபத்தைந்து நாட்களும் ஊரிலிருக்க விரும்புவோர், தேருக்கு மட்டும் போவோர், பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டச் செல்வோர் என அனைவரும் அதே விமானங்களையே நாடுவர். அக்காலத்தில் ஊழியர் சீட்டுகளை முற்றாக நிறுத்திவைக்கும் நிறுவனங்களும் உள்ளன. அந்த வாரங்களில் காத்திருப்புச் சீட்டுடன் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு புறப்படுவதை நாம் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டோம்.

தந்தையாருக்குக் கொள்ளி வைக்க முடியாமற்போன அந்த நண்பர் ஆண்டுத் திவசத்துக்குச் சென்று வந்தார். இம்முறை ஊழியர் சீட்டோடு, மறுநாள் புறப்படும் வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் பணம் மீளும் ஒருவழிச் சீட்டொன்றையும் வாங்கியிருந்தார். முதல் முயற்சியிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆசனத்தில் அமர்ந்தபடியே மற்றதை இரத்துச் செய்தார். பணம் மூன்றாம் வாரத்தில் திரும்பியது. இடையில் கடனட்டைக்கு முப்பது டொலருக்குச் சற்று மேல் வட்டி கட்டினார். "தேவையில்லாமல் முப்பது டொலர் போச்சுதே" என்று உறவினர் ஒருவர் எம் முன்னிலையில் அவரிடம் சொன்னார். அவர் மறுமொழி கூறவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு இரவு வேலைக்குப் புறப்பட்டார்.